முன்னால் நிற்கும் கே

நைஃப் எழுதச் சொன்னேன்.
இருபத்திரண்டு நோட்டிலும் கே-யைக் காணோம்.

"முன்னால நிக்கும், சத்தம் வராது.
விட்டா தப்பு."

மூணாங்கிளாஸ் இந்துஜா எழுந்தாள்:
"எங்கம்ம மாதிரியா டீச்சர்?"

மானூர்ப் பக்கம் எங்கள் ஊராட்சிப் பலகையில்
தலைவர் மு. பேச்சியம்மாள்.
கிராம சபையில் மைக் பிடிப்பது வீட்டுக்காரர்.
பேச்சி முதல் நாற்காலியில்
தண்ணீர் பாட்டில் மூடியைத்
திறந்து திறந்து மூடுவாள்.
போன கூட்டத்தில் நானும் பார்த்தேன்.

பதில் சொல்லவில்லை.
அடுத்த வார்த்தைக்குப் போனேன்.
நீ.
நீ என்றால் முழங்கால்.
அதற்கும் முன்னால் ஒரு கே.

வாசிக்கும்போது
இந்துஜா மட்டும் கழுத்து நரம்பு புடைக்க
"க்க்நீ" என்றாள்.
வகுப்பே சிரித்தது.

திருத்த வேண்டியவள் நான்.
சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு
மணி அடிக்கட்டும் என்று நின்றேன்.