யாரும் வாங்காத பச்சை

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
படியேறிப் போகும் கடையில்
மூன்று எடுத்தால் ஒன்று சும்மா.
நாவல்பழ நிறம், செங்கல் நிறம், ஒரு மினுமினுப்பு.
சும்மா கிடைத்தது ஒரு பச்சை.
யாரும் வாங்காத பச்சை என்பது
கடைப் பையனின் முகத்திலேயே தெரிந்தது.

போயா. பெரட்டு இல்லை.
கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்
கையை நீட்டினாள் ரஞ்சிதமலர்.
அண்ணன் பெண்டாட்டி, என்னைவிட மூன்று வயது இளையவள்.
அண்ணி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

ஐந்து வருடமாக ஒரே காம்பராவில் இருக்கிறோம்.
அவள் விரல்களை இப்போதுதான் பார்க்கிறேன்.
சுட்டுவிரல் ஓரமெல்லாம் கொழுந்துக் கறை,
தேசிக்காய் வைத்துத் தேய்த்தும் போகாத கறுப்பு.
"அது என் சொந்தக் கலரு,
நீ மேல பூசு."

முதல் நகம், சதையெல்லாம் நாவல்பழம்.
இரண்டாவது பரவாயில்லை.
புள்ளி வைக்க ஊக்கின் தலை.
கோடு போட, மகன் கொப்பிக்கு உறை ஒட்டும் டேப்.
ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து இறங்க
மெத்தை ஓரத்தில் ஸ்பொஞ்ச் கொஞ்சம் பிய்த்தோம்.
அண்ணனிடம் சொல்லவில்லை.

போனில் வரும் பெண்ணுக்கு
நகத்தில் பூ விரிகிறது.
நான் வைத்த பூ கோவா மாதிரி வந்தது.
"இருக்கட்டும், நுவரெலியாப் பூ."
ரெண்டு இலையும் ஒரு குருத்தும் வரையட்டுமா என்றேன்.
"லீவு நாள்லயுமா?"

காயவில்லை.
இந்த மலையில் எதுதான் காய்கிறது?
பள்ளிக்கூடச் சட்டை மூன்றாம் நாளும் ஈரம்,
தீப்பெட்டி நமுத்துப்போய்க் கிடக்கிறது,
சாமிப் படத்துக்குப் பின்னால் சுவர் பாசி பிடிக்கிறது.
அடுப்பில் காட்டலாம் என்றாள்.
தீப்பிடிக்கும் என்று குப்பியில் மூன்று மொழியில் எழுதியிருந்தது.
ஊதினோம். நான் ஊதி மூச்சு வாங்க
மிச்சத்தை அவள் ஊதினாள்.
பொறுமை போய்ப் போர்வையை இழுத்துவிட்டாள்.
நான்கு நகத்தில் சிவப்புக் கம்பளி மயிர்.

"இதுவும் ஒரு டிசைன்தான்டி"
என்று அவள் சொல்லவும்
நாங்கள் சிரித்த சிரிப்பில்
அடுத்த காம்பரா மருதாயி அக்கா சுவரில் தட்டினாள்.
"என்னாடி அங்க?"
"ஒண்ணுமில்லக்கா, கியூட்டெக்ஸ்."
சுவருக்கு அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு,
"என்ன கலரு?"

எனக்குக் கையில் பூச முடியாது.
ஃபெக்டரி வாசலில் காலையில்
கையை நீட்டச் சொல்வார்கள்,
உள்ளங்கை, புறங்கை.
ஒரு பொட்டு நிறம் இருந்தால் அன்றைக்கு அரைப்பேர்.
நியாயம்தான்.
சலிக்கிற தூளில் உதிர்ந்தால்
எந்த ஊரிலோ யாரோ குடிக்க வேண்டும்.

அதனால் கால்.
ரஞ்சிதமலர் என் பாதத்தை மடியில் ஏந்தி
அந்தப் பச்சையைத் திறந்தாள்.
அவள் கை நடுங்கவில்லை, ஓரம் தாண்டவில்லை.
பத்து நகமும் பத்து நிமிடம்.
அண்ணன் எட்டிப் பார்த்துப்
பெயிண்ட் நாற்றம் என்று முகம் சுளித்தார்.
சுவருக்கு எந்த நிறம் அடிக்கிறோம் என்று தேடினார்.

மறுநாள் பத்து மணிக்குள்
அவளுக்கு நான்கு நகம் போய்விட்டது,
கிள்ளுகிற விரல்கள் இரண்டும், இரண்டு கையிலும்.
ஆறு நிற்கிறதாம்.
கோவாவைப் பார்த்த கணக்கப்பிள்ளை
கழிக்கிற கிலோவைக் கழிக்க மறந்தாராம்.
இதை நான் முழுசாக நம்பவில்லை.

நான் வாசலில் கையை நீட்டினேன்.
உள்ளங்கை, புறங்கை.
"சரி, போ."
வெள்ளைப் பூட்சுக்குள், காலுறைக்குள்
பத்துப் பச்சையும் என்னோடு உள்ளே போயின.
சல்லடை இரைச்சலில் எட்டு மணி நேரம்
பெருவிரலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பின்னேரம் காலுறையைக் கழற்றினால்
நூலோடு ஒட்டிக்கொண்டு பாதி வந்துவிட்டது.
சுண்டுவிரலில் மட்டும்
முழுசாக, பளபளவென்று.

வாசலில் நிழல்.
மருதாயி அக்கா,
கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.
"அந்தப் பச்ச
மிச்சமிருக்கா?"