காரணம் என்ற கட்டம்

பதினோராம் கட்டத்தில்
மூன்று வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.
'சிகிச்சையில் தாமதம் இருப்பின், காரணம்.'

மூடுபனி என்று எழுதலாம்.
பொய்யில்லை.
அன்றிரவு கோத்தகிரியில்
பிணவறைக் கதவுவரை வந்து நின்றது பனி.
ஊட்டியிலிருந்து ரத்தம் கொண்டுவந்த வண்டி
தொட்டபெட்டா பிரிவைத் தாண்டி
நடக்கிறவன் வேகத்தில் வந்தது.
இணை இயக்குநர் போனில் அதைத்தான் சொன்னார்:
"மலை ஊர் மேடம், மேலே புரிந்துகொள்வார்கள்."

பனி மறுத்துப் பேசாது.
அதற்கு மெமோ கொடுக்க முடியாது.

எஸ்தர் என்றும் எழுதலாம்.
இரவுப் பணியில் அவள் ஒருத்தி.
முதல் கட்டிலில் குழந்தையின் தலை தெரிந்த நேரம்
இரண்டாம் கட்டிலில் கனகவல்லியின் போர்வைக்குக் கீழே
சத்தமில்லாமல் நனைந்துகொண்டிருந்தது.
நாற்பது நிமிடம்.

மறுநாள் அவள் கணவர் பழனியாண்டி வந்தார்,
தோட்டத்து ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு.
ஒன்றும் கேட்கவில்லை.
"எங்க கர்மம், டாக்டரம்மா."
நானும் தலையை அசைத்தேன்.
அசைத்த அந்தத் தலையைத்தான்
மூன்று இரவாகக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டங்களில் நான்தான் சொல்வேன்,
'பலனை ஈசனிடம் விட்டுவிடுங்கள், சிஸ்டர்.'
சம்பளப் பாக்கி கேட்டவர்களிடம்கூட.
அதே நான், வரவேற்பறைக் கரும்பலகையில்
'தாய் மரணம் இல்லாத 412 நாள்' என்பதைத்
தினமும் என் கையால் மாற்றி எழுதினேன்.
விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் துடைக்க மாட்டேன்.

தரச்சான்றுக் குழு வருகிறதென்று
இரண்டு செவிலியரை இரவிலிருந்து எடுத்துக்
கோப்பு அடுக்கவைத்தது யார்?
பணிப்பட்டியலின் அடியில் பச்சை மையில் இருப்பது
பனியின் கையெழுத்தா?

செம்போடு பிறந்த களிம்பு என்பார்கள் ஆணவத்தை.
கண்காணிப்பாளர்களின் பெயர்ப்பலகையும் செம்புதான்.
இந்த மலை ஈரத்துக்கு என் பெயர் பச்சை பூத்தபோது
புளி வாங்கிக் கொடுத்துத் துலக்கச் சொன்னேன்.
போன மாதம்.

கர்மம் என்ற சொல்லை
அவரவர் தமக்குச் சொல்லிக்கொள்ளலாம்.
நாற்காலியில் இருப்பவர்
எதிரில் நிற்பவருக்குச் சொன்னால் அது தப்பித்தல்.
நிற்பவரே சொல்லும்போது தலையாட்டினால்
அதைவிடக் கீழே.

எழுதிவிட்டேன்.
'இரவுக்கு ஒரே செவிலியர். அவ்வாறு ஆணையிட்டது
கண்காணிப்பாளர் ம. அங்கயற்கண்ணி.'
மூன்று வரி போதாமல் ஓரத்தில் ஏறிப் போயிற்று.

நல்ல காரியம் செய்தாய் என்று
உள்ளே ஒரு குரல் மெதுவாகத் தட்டிக்கொடுக்கிறது.
அதே களிம்பு.

இன்றிரவு வார்டில் மூன்று பேர்.
பலகையைத் துடைத்தாயிற்று, எண் எழுதவில்லை.
விடிந்ததும் தோட்டத்து லயத்துக்குப் போகவேண்டும்,
'உங்கள் கர்மம் இல்லை, பழனியாண்டி' என்று சொல்ல.
இரண்டு கிலோ முந்நூறு கிராமில் ஒரு பெண் குழந்தை
அங்கே இருக்கிறது.
பூட்ஸை நானும் வாசலில் கழற்றுவேன்.
பிறகு அவர் என்ன சொல்வார் என்று
எனக்குத் தெரியாது.