பழுப்பேற்றுதல்

மூக்கையூரில் துரு இலவசம்.
கேட்டுக் கொண்டியில், ஜன்னல் கம்பியில்,
பிரகாசியின் தையல் மிஷினில்,
நேற்று வாங்கிய ஆணிப் பொட்டலத்தில்.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
பூட்டுக்குள் சாவி திரும்பாது.
இருபத்திரண்டு வருஷமாக
போட் எஞ்சினிலிருந்து அதைச் சுரண்டித்தான்
எங்கள் உலை கொதிக்கிறது.

அந்தத் துருவை நானே ஒருநாள்
வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பேன் என்று
யார் கண்டது.

குழல், சுத்தி, விசைக்காப்பு,
நாலு திருகாணி, ஒரு பூட்டுத் தகடு.
தகடு மட்டும் வாலிநோக்கத்தில் உடைத்த கப்பலுடையது.
எந்தக் கொடி, எந்தச் சரக்கு, தெரியாது.
அரம் பட்டதும் அது வேறு பாஷையில் கத்தியது.

எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு.
எமரித் தாளில் எண் ஏற ஏற
இரும்பின் வாய் இறங்கும்.
நானூறில் அது பேசுவதில்லை,
உள்ளங்கைக்குள் மூச்சு மட்டும் விடும்.
ஒரே திசையில் இழுக்க வேண்டும்.
தகட்டில் குறுக்கே ஒரு கீறல் விழுந்துவிட்டது;
வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்.
தெரிந்தபின்
வேறெதுவும் தெரியாது.
அதை ஒதுக்கிவைத்து மற்றவற்றைத் தொடங்கினேன்.

சுண்ணாம்பு குழைத்துத் தேய்த்து அலசியபின்
வெறுங்கை படக்கூடாது.
விரலின் பிசுக்கு ஒரு பொட்டு போதும்,
அந்த இடத்தில் துரு ஏறாது.
கோயிலுக்குக் கட்டும் வேட்டியில் பாதியைக் கிழித்து
கையில் சுற்றிக்கொண்டேன்.

இரவெல்லாம் கடலைப் பார்த்துக்
கொடியில் தொங்கின.
விடிந்ததும் மேலெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது,
சோறு ஆறும் நேரத்தில் சிவந்தது.
இனி அவிக்க வேண்டும், உப்பில்லாத தண்ணீரில்.
ஊர்க் கிணறு ஆகாது.
தள்ளுவண்டியில் வரும் குடம் பன்னிரண்டு ரூபாய்.

"குடிக்கிற தண்ணியில இரும்ப அவிக்கிறீகளா?"
இட்லிக் கொப்பரையைப் பார்த்தபின்
பிரகாசி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள்.
அது இன்னும் மோசம்.

கொதியில் சிவப்பு கறுக்கும்.
தேங்காய் நாரால் துடைத்து மறுபடி தொங்கல்,
மறுபடி மஞ்சள், மறுபடி பன்னிரண்டு ரூபாய்.
முதல் நாள் செம்மண்,
மூன்றாம் நாள் புளி,
ஐந்தாம் நாள் கருப்பட்டி.

ஐந்தாம் நாள்தான் ஏட்டு முத்திருளாண்டி வந்தார்.
சாயல்குடிப் பக்கம் எங்கள் பனங்கிழங்குப் பாத்தியைப்
பன்றிகள் உழுதுவிட்டுப் போவது பற்றி
பதினோரு மாதமாகக் கலெக்டர் ஆபீசில்
என் மனு உட்கார்ந்திருக்கிறது.
அதை விசாரிக்க.

குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மருந்துக்குத் துளை எங்கய்யா?"
"தாள் வரட்டும் ஏட்டையா.
அதுவரைக்கும் இது குழாய்."
சிரித்தார். சிரித்துக்கொண்டே,
நான் தடுப்பதற்குள்,
மறுபடி தேய்த்து அன்றுதான் கழுவி வைத்த
கப்பல் தகட்டை எடுத்து
கட்டைவிரலால் அழுத்தித் தடவினார்.
"வழுவழுன்னு இருக்கு."
டீ குடித்தார். போய்விட்டார்.

மீண்டும் சுண்ணாம்பில் கழுவியிருக்கலாம்.
இருட்டிவிட்டது, குடத்தில் அடித்தண்ணீர்,
அவளிடம் கேட்கப் பயம்.

காலையில் தகடு முழுக்கப் பூத்திருந்தது,
நடுவே ஒரு விரல் மட்டும் வெள்ளையாக.
சுழி தெளிவாக, வரி வரியாக,
குறுக்கே அரிவாளோ பிளேடோ பட்ட
பழைய வெட்டு.
ஒரு முத்திரைக்குத்தான்
பதினோரு மாதமாக பஸ் ஏறுகிறேன்.

பிரகாசி வந்து பார்த்தாள்.
ஒரு வாரத்தில் முதல்முறை சிரித்தாள்,
உட்கார்ந்து சிரித்தாள்.
நானூறாம் தாளை நனைக்கப் போனேன்.
"இதுக்கு இனி ஒரு குடம் கிடையாது" என்றாள்,
சிரிப்பு நின்றிருக்கவில்லை.

எண்ணெய் தடவித் துணியில் சுற்றி
பரணில் வைத்திருக்கிறேன்.
நேற்றும் பன்றிகள் வந்தன.
மண்ணை அவை கிண்டும் சத்தம்
எண்பதாம் தாள் போலவே இருந்தது.
கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.