பதினோரு விநாடிக் கயிறு

ஆவண அறையில் அதன் எண் 4471.
இருட்டில் ஒரு பையனின் கைகள்,
சாம்பல்நிற ஜாய்ஸ்டிக்,
நகம் கடித்த கட்டைவிரல்கள்,
கன்னத்தில் நீல வெளிச்சம்.
பதினோரு விநாடி. ஒலி இல்லை.

ஒஸ்த்ராவாவில் பனி சேறாகிற மாதங்களில்
இரவுப் பணி என்னுடையது.
யாராவது யாரையாவது குத்தினால்
மாடியிலிருந்து ஸ்பின்யெக் கூப்பிடுவார்:
"க்வ்யெதா, அந்தக் கைகளைப் போடு."

போடுவேன்.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட
எங்களிடம் இருப்பது அந்த ஒரு கயிறுதான்.

கார்வினாவில் கடையை உடைத்தவனின் வீட்டில்
போலீஸ் எடுத்த பட்டியலை நான் படித்தேன்.
வாடகை பாக்கி நோட்டீஸ், மூன்று மாதம்.
அப்பாவின் சுரங்க விளக்கு.
காலி மாத்திரை அட்டைகள்.
ஒரு வீடியோ கேம் பெட்டி, மேலே தூசி.
தூசியைத் தட்டிவிட்டு
பெட்டியை மட்டும் செய்தியில் வைத்தோம்.

நிபுணர் வந்தார்.
பவுடர் பூசியபடி லுத்மிலா கேட்டாள்,
எந்த கேம் ஆடியிருக்கிறீர்கள்?
"அதையெல்லாம் நான் தொடுவதில்லை,"
விரதம் இருப்பவர்போல் சொன்னார்.
பிறகு விளக்கின் கீழே உட்கார்ந்து
முகர்ந்தும் பாராத குழம்பில்
விஷம் எவ்வளவு என்று அளந்து சொன்னார்.

நல்ல சேதி என்றாலும் அதே கதிதான்.
எத்தனை கோடி விற்றது என்போம்.
எதைப் பற்றியது என்று சொல்ல மாட்டோம்.
சினிமாவுக்கு எங்களிடம் ஆள் உண்டு, ஓபராவுக்கு உண்டு,
ஒயினை வாயில் கொப்பளித்துத் துப்பவும்
சனிக்கிழமைதோறும் ஒருவர் வருகிறார்.

பிப்ரவரியில் வரவேற்பறைக்கு ஒருவர் வந்தார்.
டிராம் ஓட்டுநரின் கோட்டு, தோளில் கரையும் பனி.
முகத்துக்கு முன்பே
கைகளை எனக்குத் தெரிந்துவிட்டது.
இன்னும் நகம் கடிக்கிறார்.

"இவை என்னுடையவை.
பதினேழு வருடமாகக் குற்றம் செய்கின்றன.
கட்டைவிரல் அடியில் ரொட்டித்தகரம் கிழித்த தழும்பு,
பாருங்கள். என் மகள் பார்த்துவிட்டாள்.
அப்பா, நீ யாரைக் குத்தினாய் என்கிறாள்."

ஓத்தகர் என்று பெயர் சொன்னார்.
கேமராக்காரர் பக்கத்து வீட்டுக்காரராம்.
விளக்கின் மேல் நீலத்தாள் ஒட்டி,
"கோபமாகப் பார்," என்றாராம்.
கோபம் வரவில்லை, பசிதான் வந்தது.
அதுவே போதும் என்றார்களாம்.

இப்போது என்ன ஆடுகிறீர்கள் என்று கேட்டேன்.
எங்கள் கட்டடத்தில்
அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் அறியேன்.

மகள் தூங்கியதும், என்றார்,
வெள்ளத்தில் முழுகிய ஊர் ஒன்று.
படகில் போய்ப் பரண் பரணாகக் கடிதம் கொடுக்க வேண்டும்.
ஒரு சன்னல் மட்டும் திறக்காது.
திறக்காதென்று தெரியும்.
தட்டிவிட்டுத்தான் துடுப்பைப் போடுகிறேன்.

யாருடைய சன்னல் என்று நான் கேட்கவில்லை.
சீட்டில் எழுதி மாடிக்கு அனுப்பினேன்.
கீழே வந்தது, பச்சை மையில்:
"இதில் செய்தி எங்கே?"

அன்றிரவு மூல நாடாவைத் தேடி எடுத்தேன்,
நறுக்காதது.
பன்னிரண்டாம் விநாடியில்
கேமராக்காரரின் தோள் வலித்திருக்க வேண்டும்.
படம் சரிகிறது,
முழங்கால், காலுறை, கம்பளம்.
கம்பளத்தின் மேல்
ஜாய்ஸ்டிக்கின் ஒயர் நுனி.
எதிலும் செருகவில்லை.

வியாழக்கிழமை ஒபாவாவில் ஒரு கத்திக்குத்து.
தொலைபேசி அடித்தது. கைகளைப் போடு.
கடைசி முறையாகப் போட்டேன்,
பன்னிரண்டு விநாடி.
ஒரு விநாடி நேரம்,
சாப்பாட்டு மேசைகளுக்கு எதிரே,
மதுக்கடைகளில், மருத்துவமனைக் கூடங்களில்
அந்த நுனி சும்மா கிடந்தது.

மறுநாள் ஸ்பின்யெக் படியில் நிறுத்தினார்.
"அந்தக் கைகள்," என்றார்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
"கொஞ்சம் நீண்டுவிட்டது. நறுக்கு."