இரண்டாம் அறை

கிருலப்பனைக் கால்வாய்க் கல்லிடுக்கில்
வேர்விட்டிருந்த பூண்டொன்றைப் பிடுங்கினேன்.
பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்தது.
வேரோடு வந்த கறுப்பு மண்ணை
லஞ்ச் ஷீட்டில் சுற்றிப் பையில் போட்டேன்.
கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு
மிச்சக் காசு தராமலே முன்னால் போனான்.

அந்த மண்ணில் கிடைத்ததுதான் இது.
இன்னும் பெயரில்லை; கே பதினேழு என்கிறோம்.
பார்வைக்கு, சிந்திக் காய்ந்த கஞ்சித்துளி.
மூடியைத் திறந்தால்
புளிக்கத் தொடங்கிய அப்ப மா,
அதற்கும் பின்னால் கொஞ்சம் வெண்ணெய்.

தட்டின் நடுவே பிளாஸ்டிக் வரம்பு.
இந்த அறையில் கே பதினேழு,
அந்த அறையில் ஆறு கடுகு முளைகள்.
நீர் கடக்காது. வேர் கடக்காது.
வரம்புக்கும் மூடிக்கும் இடையில்
நகக்கண் அளவு காற்று,
அதுதான் வழி.
விளிம்பில் படலம் இழுத்து ஒட்டி
விளக்கின் கீழ் அடுக்கினேன்.

பதினோராம் நாள் ருவினி கத்தினாள்,
"மேக பலன்னகோ!"
தனித்து வளர்ந்த கடுகு
ஒற்றைக் கோடாய் வேர்விட்டு
இரண்டு இலையோடு நின்றது.
பக்கத்து அறையில் ஆளிருந்த கடுகோ
கிளைக்குள் கிளை, மயிருக்குள் மயிர்;
இலை மூடியை முட்டிக் கூனிப்போயிருந்தது.
தராசில் இரண்டு மடங்கு.
திரும்பவும் நிறுத்தோம். இரண்டு மடங்குதான்.

டொக்டர் வன்னியாராச்சி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"இது வாசமா, வெறும் மூச்சா?
அடைத்த தட்டுக்குள் எது சுவாசித்தாலும்
காபனீரொட்சைட்டுக் கூடும்.
கூடினால் எந்தச் செடியும் கொழுக்கும்."
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அன்றிரவு வெள்ளவத்தை அறையில் நித்திரை இல்லை.
எனக்கும் அடுத்த அறைக்கும் நடுவே
ஹார்ட்போர்ட் தடுப்பு, மேலே ஒரு சாண் வெளி.
அந்தப் பக்கத்து ஆளை
எட்டு மாதமாய் நான் கண்டதில்லை.
இரவு வேலையாக்கும்; வாசலில்
செருப்பு மட்டும் இடம் மாறிக் கிடக்கும்.
விடிய ஐந்து மணிக்குக்
கறுவாப்பட்டை போட்ட பிளேன்டீ மணம்
தடுப்பின் மேலால் ஏறி வரும்.
நான் எழும்பிவிடுவேன்.
அலாரம் வைப்பதை எப்போதோ விட்டாயிற்று.
உவமை தேடி இதை எழுதவில்லை.
தட்டுகளை எண்ணி எண்ணி
மண்டை இப்படித்தான் வேலை செய்கிறது.

அடுத்த கிழமை மூன்று அறைத் தட்டு வாங்கினோம்.
மூன்றாவதில் பேரியம் கரைசல்:
மூச்சைக் குடித்து வெள்ளையாய் உறையும்,
வாசத்தை விட்டுவிடும்.
இருபது வைத்தேன். ஐந்தில் பூஞ்சை.
இரண்டு, கரண்ட் போன இரவில் வெந்தன.
ஒன்றைப் பஸ்நாயக்க வெறும் தட்டென்று கழுவிவிட்டார்.
மிஞ்சியவை பன்னிரண்டு.

பன்னிரண்டிலும் பேரியம் பாலாய்த் திரைந்திருந்தது.
பன்னிரண்டிலும் கடுகு
முன்போலக் கொழுக்கவில்லை,
தனித்து நின்றதுபோல் மெலியவும் இல்லை.
பாதி போய்ப் பாதி நின்றது.
போன பாதி மூச்சு.
நின்ற பாதிக்கு நேரே
கட்டத்தில் என்ன எழுத?

வன்னியாராச்சி கணக்கைப் பார்த்தார்.
"பன்னிரண்டு காணாது, நாற்பது வையுங்கள்."
பிறகு ஒரு மூடியை மெல்லத் தூக்கி
குனிந்து முகர்ந்தார்.
செய்யக்கூடாது; சுவரில் ஒட்டியே இருக்கிறது.
ருவினியும் நானும் ஜன்னலைப் பார்த்தோம்.
"ஆப்ப" என்றார், தனக்குள்.

மழை பிடித்துக்கொண்டது.
மண் மணக்குது என்றான் வாசலில் ஒதுங்கிய பையன்.
மண்ணுக்கு ஏது மணம் தம்பி,
உள்ளே குடியிருப்பவை விடுகிற மூச்சு,
இல்லை, வாசம்.
நானே குழம்பி நனைந்து நடந்தேன்.

புதன்கிழமை விடிய கறுவா மணம் வரவில்லை.
ஏழரைக்குக் கண் விழித்தேன்.
செருப்பு நேற்றைய இடத்திலேயே கிடந்தது.
பகல் முழுக்கத் தட்டுகள். படலம் முடிந்துபோய்
ஓடர் கொடுத்தோம்.

இரவு,
விதைப் பொட்டலத்தில் மிஞ்சிய கடுகை
எண்ணெயில் போட்டேன்.
வெடித்தது.
செத்தல் மிளகாய் இரண்டு கிள்ளிப் போட்டு
ஜன்னலைச் சாத்தினேன்.
புகை மெதுவாய்த் தடுப்பேறிக் கவிழ்ந்தது.

அந்தப் பக்கம்
யாரோ இருமினார்.