கொட்டேசன்

ஆவாரம்பாளையத்தில் என் லேத்துக்கு
மணிக்கு முந்நூற்றைம்பது.
கரண்டு, கூலண்டு, டூல் பிட்டு, என் முதுகு
எல்லாம் அதற்குள் அடக்கம்.
அவங்களுக்கு ஐம்பது நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு.
மீதிப் பத்து நிமிடம் யாருக்கென்று
போனிலேயே கேட்டேன்.
"உங்களைப் பத்தி எழுதி வைக்க" என்றாங்க.
சரி, செட்டிங் டைம்.

சாயிபாபா காலனியில் பேக்கரிக்கு மேல் மாடி.
பன் வேகும் வாசனை கூடவே படியேறி வந்தது.
வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு,
யாரோ காலேஜ் பிள்ளையுடையது.
என்னுடையதைத் தள்ளி, செடித்தொட்டிக்குப் பின்னால் விட்டேன்.

முதலில் ஒரு படிவம்.
தூக்கம் எத்தனை மணி, சோறு இறங்குகிறதா,
குடிப்பதுண்டா, சாகத் தோன்றியதுண்டா.
கடைசிக் கேள்வியில்
மை தீர்ந்ததுபோல் பேனாவை உதறினேன்.
வேறு பேனா கொடுத்தாங்க.

பேசுவது வெளியே போகாது,
உசிருக்கு ஆபத்தென்றால் மட்டும் போகும்.
வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லணும்,
சொல்லாவிட்டால் பாதிப் பணம்.
அது எனக்குப் பிடித்தது.
ஆர்டரை நிறுத்திய பம்புக் கம்பெனிக்காரன்
ஒருத்தன்கூட எனக்கு அப்படித் தந்ததில்லை.

"எத்தனை சிட்டிங்குங்க?
மொத்தமா ஒரு கொட்டேசன் போடுங்க."
"இப்ப சொல்ல முடியாது. ஆறு தடவை பார்ப்போம்,
அப்புறம் ரெண்டு பேரும் யோசிப்போம்.
சிரமம்னா குறைச்சுக்கலாம்."
கேட்காமலே குறைக்கிறாங்க.
பேரம் பேசியே நரைத்தவனுக்கு
அதைவிட ஒரு அவமானம் உண்டா.
"முழுசாவே தர்றேனுங்க" என்றேன்.
மனசுக்குள் பதினாறு ஃபிளாஞ்சு,
ஒன்று எழுபத்தைந்து ரூபாய்,
கடைந்து கடைந்து அடுக்கினேன்.

எதற்கு வந்தீங்க என்றாங்க.
பேப்பரில் படித்த வார்த்தையைச் சொன்னேன்:
மன அழுத்தம்.
தலையாட்டினாங்க. எழுதவில்லை.
மேசைமேல் டிஷ்யூ டப்பா,
முதல் தாள் பாதி வெளியே நின்றது,
அழாமல் எழுந்தால் காசு தண்டம் என்பதுபோல.
மோட்டார் உதாரணம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன்,
பேரிங் தேய்வது, சத்தம் மாறுவது.
அவங்க மோட்டாரைப் பற்றிக் கேட்கவேயில்லை.
நாலு நிமிடம் ஃபேன் மட்டும் சுற்றியது.
நிமிடத்துக்கு இருபத்து நாலு ரூபாய்.

அப்புறம் வாய் தானாக,
"வெசனமுங்க."
"அப்படின்னா?"
நாகர்கோவில்காரங்க. தெரியவில்லை.
"கவலையா?"
"கவலை வேறங்க. கவலைக்கு ஒரு பேர் இருக்கும்,
பேங்க் லோனு, புள்ளை ஃபீசு.
இதுக்குப் பேரில்லீங்க."
"பேரில்லாட்டி, எப்படி இருக்கும்?"

எங்கள் பக்கம் யாரும் அதைக் கேட்டதில்லை.
வெசனமா இருக்குது என்றால்
ஆமா, என்ன பண்றது என்பார்கள்.
டீ வரும். அதோடு முடியும்.

பொழுதோட வீட்டு முன்னால வண்டியை நிறுத்துவேனுங்க.
சாவியைத் திருப்பி அணைப்பேனுங்க.
உள்ள டிவி கேக்குமுங்க, குக்கர் கேக்குமுங்க.
எறங்க மாட்டேனுங்க.
முக்கா மணி நேரம். ரெண்டு வருசமா.
சம்சாரம் ஜன்னல்ல பாப்பாளுங்க.
வாசல் லைட்டைப் போட்டுட்டு உள்ள போயிருவாளுங்க.

டிஷ்யூ எடுக்கவில்லை.
முகத்தைத் துடைத்த கையில் கூலண்டு வாசம்.
"அந்த முக்கால் மணி நேரம் உள்ளுக்குள்ள என்ன ஓடும்?"
வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.
கடிகாரம் ஐம்பதைத் தொட்டது.
"அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்கலாம்."

கீழே வந்து ஜிபே அனுப்பினேன்.
எதற்கு என்று கேட்ட கட்டத்தில்
ஜாப் ஒர்க் என்று அடித்தேன், அழித்தேன்,
காலியாகவே விட்டேன்.
ஆடிட்டர் கேட்பார். கேட்கட்டும்.

அன்றைக்கும் இறங்கவில்லை.
வண்டிமேல் உட்கார்ந்து
என்ன ஓடுகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
அடுத்த வாரம் சொல்ல வேண்டுமே.
வாசல் விளக்கு எரிந்தது.