நேசகுமாரின் ஃபோன் 2

பீல் நகரத்துக் கடைப் பொடியன்
முதலில் ஜெர்மனில் வணக்கம் சொன்னான்,
அதே மூச்சில் பிரெஞ்சிலும்.
இங்கே தெருப் பலகைகளுக்கும் இரண்டு நாக்கு.
இருபத்துநான்கு மாதத் தவணை.
வேறு யாரும் கையெழுத்துப் போட வேண்டுமா என்றேன்.
அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை.

வீடு வந்து
குளிர்கோட்டைக் கழற்றாமலே பெட்டியைத் திறந்தேன்.
மொழியைத் தெரிவு செய்க என்றது.
தள்ளித் தள்ளி அடிவரை போனேன்.
தமிழ், இந்தியா.
தமிழ், இலங்கை.
தமிழ், சிங்கப்பூர்.
தமிழ், மலேசியா.
பான்ஹோஃபில் இறங்கி மார்ஷேயில் மீன் வாங்குகிற தமிழ்
பட்டியலில் இல்லை.
இலங்கையை அழுத்தினேன். வேறென்ன செய்ய.

நிபந்தனைகள் வந்தன, நாற்பத்தொரு பக்கம்.
படிக்காமல் ஏற்கிறேன் என்றேன்.
வாழ்க்கையில் இது இரண்டாம் தடவை.

நேரத்தை மட்டும் அது என்னைக் கேட்கவில்லை,
தானாகவே வைத்துக்கொண்டது.
கடிகாரத் தொழிற்சாலையில்
பதினொரு வருடம் தரை துடைத்தவளிடம்
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விரலை வை என்றது. வைத்தேன்.
எடு என்றது. எடுத்தேன்.
மீண்டும் வை.
பெருவிரலைத் தெரியாது என்றது.
சுட்டுவிரலை ஈரமா என்றது.
துடைத்தேன், ஊதினேன், கோட்டில் தேய்த்தேன்.
தரை மருந்து தின்ற ரேகைகள் அதற்கு வெறும் மழை வெளி.
கடைசியில் இடதுகைச் சுண்டுவிரல்தான் சரிவந்தது.
வீட்டில் ஒரு வேலையும் செய்யாதது
வாசல் திறக்க மட்டும் முன்னுக்கு வந்து நிற்கிறது.

ஆறு எண்கள் கேட்டது.
பழையதில் அவருடைய பிறந்தநாள்.
இந்தமுறை யாரும் பிறக்காத, யாரும் சாகாத,
எவரையும் கட்டிக்கொள்ளாத ஆறு எண்கள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு பழையதைப் பக்கத்தில் வைக்கச் சொன்னது.
சாப்பாட்டு மேசையில் இரண்டும் முகம் பார்த்துக் கிடந்தன.
‘நேசகுமாரின் ஃபோன் 2 அருகில் உள்ளது.
எல்லாவற்றையும் கொண்டுவரவா?’

ஒன்பது வருடம் நான்
அந்தப் பெயரில்தான் பைக்குள் மணியடித்தேன்.
ஒருநாள் வேலையிடத்தில் கிராசிண்டாவுக்குப் படம் அனுப்பியபோது
அவளுடைய திரையில் அந்தப் பெயர் எழும்பியது.
இது இரண்டு என்றால் ஒன்று எங்கே என்று கேட்டாள்.
ஒன்று அவரிடம் என்றேன்.
இப்போது ஒன்று பேர்னில் இருக்கிறது,
வேறொரு இரண்டோடு.

எல்லாவற்றையும் வேண்டாம் என்று அழுத்தினேன்.
அதற்குக் கொஞ்சம் வருத்தம். உறுதியா என்றது.
தொடர்பு எண்கள்: வரட்டும்.
அதிகாலை நாலேகால் அலாரம்: அது என்னுடையது, வரட்டும்.
படங்கள்: இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முப்பத்தேழு.
குரல் செய்திகள், இருநூற்றுப் பதினான்கு.
எங்கே நிற்கிறாய்.
ஏன் எடுக்கவில்லை.
பக்கத்தில் யார்.
ஒன்றை மட்டும் கேட்டேன். அதில்
பால் வாங்கி வா என்றிருந்தார், சாதாரணமாக, நல்ல குரலில்.
அதற்காகக் கொஞ்ச நேரம் அழுதேன்.
பிறகு அதையும் விட்டேன்.

மீதமுள்ள நேரம் நான்கு நிமிடம்.
மீதமுள்ள நேரம் இரண்டு மணித்தியாலம்.
மீதமுள்ள நேரம் ஒரு நிமிடம்.
பருப்பு அடிப்பிடித்தது.

கடைசியாக, இந்தச் சாதனத்தின் பெயர்?
யோகமலர் என்று தட்டினேன்.
யோகாசனம் என்று திருத்தியது.
அழித்துத் தட்டினேன்.
யோகம் மலர்க என்று வாழ்த்தியது.
அழித்து, ஒவ்வோர் எழுத்தாக,
பள்ளிக்கூடச் சிலேட்டில் போல அழுத்தி
யோகமலர்.
விட்டுவிட்டது.

இன்று காலை பேருந்தில்
யாருடையதோ அடித்தது, ஏதோ நீர்ச்சொட்டு இசை.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்,
எடுக்கிறார்களில்லையே என்று எரிச்சலோடு.
ஒரு சின்னப் பிள்ளை என் பையைக் காட்டியது.
கையுறையைப் பல்லால் இழுத்துச்
சுண்டுவிரலைத் தேடுவதற்குள் நின்றுவிட்டது.

என்னுடையதுதான் என்றேன்.
இரண்டு மொழியிலும் சொன்னேன்,
ஒன்றில் பிழையாக.